கணக்கில் பெரியவர் யார்?

எங்கள் மையம் மும்பையில், தாராவியில் இருக்கிறது. ஒரு மாடி அறை. இரவு எட்டரை மணிக்கு வகுப்பு. அதற்கு முன்னால் யாராலும் வர முடியாது. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். தோல் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் உண்டு. இட்லி வியாபாரம் செய்கிறவர்கள் உண்டு. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள்.

நான் அங்கே சொல்லித் தருகிறேன். பத்தாவது வரை படித்தவன். கணக்கில் 38 மார்க். 35 எடுத்தால் பாஸ். இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் 22 நம் நாட்டில் தேசியக் கணித நாள். 2012 முதல் கொண்டாடுகிறோம். அன்று சீனிவாச இராமானுஜன் பிறந்த நாள். அதனால் அவர் படம் ஒன்றை வாங்கி, மையத்துச் சுவரில் ஒட்டினேன்.

தோல் பட்டறை அண்ணாச்சி படத்தைப் பார்த்தார்.

"இவர் நம்ம கும்பகோணத்துக்காரர். உலகத்திலேயே கணக்கில் இவர்தான் பெரிய ஆள்" என்றார்.

இட்லி வியாபாரம் செய்யும் அக்கா சும்மா இருக்கவில்லை. "உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் பார்த்துவிட்டு வந்தீர்களா, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். விவாதம் தொடங்கிவிட்டது. நான்கு இரவு நடந்தது. எனக்குத் தெரியாததை எல்லாம் நூலகத்தில் போய்ப் படித்தேன். ஒரு கணக்கு ஆசிரியரிடமும் கேட்டேன். அந்த நான்கு இரவும் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேகமாகப் போட்டால் போதுமா?

முதலில் ஒரு தம்பி எழுந்தான். "சகுந்தலா தேவிதான் பெரியவர்" என்றான்.

சகுந்தலா தேவி பெங்களூரில் பிறந்தவர். அவருடைய அப்பா சர்க்கஸ் கலைஞர். சகுந்தலா தேவி சரியாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் மனக்கணக்கில் புலி. 1980 ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு சோதனை நடந்தது. 13 இலக்கம் உள்ள ஓர் எண். அதை 13 இலக்கம் உள்ள இன்னோர் எண்ணால் பெருக்க வேண்டும். 28 விநாடியில் விடை சொன்னார். சரியான விடை.

நாம் 13 இலக்க எண்ணை எழுதி முடிக்கவே 28 விநாடி ஆகும்!

"அப்படியென்றால் அவர்தானே பெரியவர்?" என்றான் தம்பி.

"இதை என் செல்போன் கூடப் போடுமே" என்றார் பெயிண்டர் மாமா. "செல்போனைப் பெரிய மேதை என்று சொல்வோமா?"

தம்பி யோசித்தான். அக்கா சொன்னார். "மாவு வேகமாக அரைக்கிறது ஒரு திறமை. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று முதன்முதலில் ஒருத்தி கண்டுபிடித்தாளே, அது வேறு திறமை. அவள் பேர் யாருக்குத் தெரியும்? ஆனால் எல்லாரும் அவள் அளவைத்தான் போடுகிறோம்."

இதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது. கணக்குப் போடுவது ஒன்று. கணக்குக்கு வழி கண்டுபிடிப்பது இன்னொன்று. கணித மேதை என்று உலகம் சொல்வது வழி கண்டுபிடித்தவர்களைத்தான். சகுந்தலா தேவியின் திறமை அதிசயமான திறமை. ஆனால் நம் விவாதம் வேறு.

ஒரு சின்னப் பையன் கண்ட வழி

ஜெர்மனி நாட்டில் பிரன்சுவிக் என்ற ஊர். அங்கே 1777 இல் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் காஸ். அப்பா கூலி வேலை, தோட்ட வேலை, கொத்து வேலை எல்லாம் செய்தவர். ஏழைக் குடும்பம்.

காஸ் பள்ளியில் படித்தபோது நடந்ததாக ஒரு கதை உண்டு. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். ஆனால் அதில் உள்ள கணக்கு சரியான கணக்கு.

வாத்தியார் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார். 1, 2, 3 என்று 100 வரை எல்லா எண்களையும் கூட்ட வேண்டும். பிள்ளைகள் ஒரு மணி நேரம் சத்தம் போடாமல் இருப்பார்கள் என்று நினைத்தார். ஆனால் காஸ் உடனே பலகையைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். விடை 5050.

எப்படிப் போட்டான்?

முதல் எண் 1. கடைசி எண் 100. கூட்டினால் 101.
அடுத்து 2. அந்தப் பக்கம் 99. கூட்டினால் 101.
அடுத்து 3. அந்தப் பக்கம் 98. அதுவும் 101.

இப்படி எல்லா ஜோடியும் 101. மொத்தம் 50 ஜோடி. 101 ஐ 50 ஆல் பெருக்கினால் 5050. முடிந்தது.

நீங்களும் போட்டுப் பாருங்கள். 1 முதல் 10 வரை கூட்டுங்கள். ஒரு ஜோடி 11. ஐந்து ஜோடி. விடை 55. விரல் விட்டு எண்ணியும் சரிபாருங்கள்.

எங்கள் மையத்தில் இதை வேறு மாதிரி செய்தோம். முதல் நாள் 1 ரூபாய் உண்டியலில் போடுகிறோம். இரண்டாம் நாள் 2 ரூபாய். மூன்றாம் நாள் 3 ரூபாய். 30 நாள் போட்டால் எவ்வளவு சேரும்? ஒரு ஜோடி 31. பதினைந்து ஜோடி. 465 ரூபாய். அக்கா மூன்று முறை கூட்டிப் பார்த்தார். மூன்று முறையும் 465. "அடேயப்பா" என்றார்.

காஸின் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு எழுதத் தெரியாது. மகன் பிறந்த தேதியைக் குறித்து வைக்கவில்லை. ஆனால் ஒன்று ஞாபகம் இருந்தது. அன்று புதன்கிழமை. இயேசு விண்ணுக்குப் போன திருநாளுக்கு எட்டு நாள் முன்னால். அவ்வளவுதான்.

அந்தத் திருநாள் ஈஸ்டரை வைத்து வருவது. ஈஸ்டர் ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு தேதியில் வரும். காஸ் பெரியவன் ஆனதும், எந்த ஆண்டில் ஈஸ்டர் எந்தத் தேதியில் வரும் என்று கணக்கிட ஒரு வழி கண்டுபிடித்தார். அம்மா சொன்னதை அதோடு பொருத்தினார். தான் பிறந்தது 1777 ஏப்ரல் 30 என்று தெரிந்துகொண்டார்.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரே பேச்சு. "என் மூத்தவன் தீபாவளிக்கு மூணாம் நாள் பிறந்தான்" என்றார் ஆச்சி. "நான் எங்க ஊர்க் கொடை அன்றைக்குப் பிறந்தேனாம்" என்றார் மாமா. எங்கள் மையத்தில் பாதிப் பேருக்கு ஆதார் அட்டையில் பிறந்த நாள் ஜனவரி 1. தேதி தெரியாது என்றால் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

காஸுக்கு வயது 18 ஆனபோது, 17 பக்கம் உள்ள உருவத்தை அடிக்கோலும் காம்பஸும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று நிரூபித்தார். இரண்டாயிரம் ஆண்டாக யாரும் கண்டுபிடிக்காதது. 1801 இல் வானத்தில் சீரஸ் என்ற சிறு கோள் தென்பட்டது. பிறகு காணாமல் போனது. எங்கே தேட வேண்டும் என்று காஸ் கணக்குப் போட்டுச் சொன்னார். அங்கேயே கிடைத்தது.

காஸின் அம்மா, மகனுடைய நண்பர் ஒருவரிடம் கேட்டாராம். "என் மகன் பெரிய ஆளாக வருவானா?" நண்பர் சொன்னார், ஐரோப்பாவிலேயே பெரிய கணித மேதை ஆவான் என்று. அம்மா அழுதுவிட்டாராம். அந்த அம்மா தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். கடைசிக் காலம் முழுவதும் மகன் வீட்டில்தான் இருந்தார்.

ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் ஓட்டு அந்தப் பையனுக்கு இல்லை. அவன் ஆத்தாளுக்கு" என்றார்.

நம் இராமானுஜன்

இரண்டாம் இரவு அண்ணாச்சியின் முறை. அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இராமானுஜன் 1887 இல் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா துணிக்கடையில் குமாஸ்தா. இராமானுஜன் பள்ளியில் நன்றாகப் படித்தார். கல்லூரியில் கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. உதவித்தொகை போனது. பரீட்சையில் தோற்றார். மறுபடி எழுதினார். மறுபடியும் தோற்றார். பட்டம் வாங்கவே இல்லை.

காகிதம் வாங்கக் காசு இல்லை. சிலேட்டில் கணக்குப் போடுவார். முழங்கையால் அழிப்பார். மறுபடி போடுவார். விடையை மட்டும் நோட்டில் எழுதி வைப்பார்.

1912 இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய். 1913 ஜனவரியில் இங்கிலாந்தில் உள்ள ஹார்டி என்ற பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் முழுக்கக் கணக்கு. ஹார்டி முதலில் ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்தார். இரவு தன் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து படித்தார். படிக்கப் படிக்க வியப்பு. இதை எழுதியவர் மேதை என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

1914 இல் இராமானுஜன் கப்பல் ஏறினார். அங்கே குளிர். முதல் உலகப் போர் நேரம். இவர் சைவச் சாப்பாடுக்காரர். சரியான உணவு கிடைக்கவில்லை. நோய் வந்தது. ஆனாலும் கணக்கை விடவில்லை. 1918 இல் ராயல் சொசைட்டி என்ற பெரிய அறிவியல் சங்கம் அவரை உறுப்பினர் ஆக்கியது.

அவர் மருத்துவமனையில் படுத்திருந்தார். ஹார்டி பார்க்கப் போனார். "நான் வந்த டாக்சியின் எண் 1729. ஒன்றும் விசேஷம் இல்லாத எண்" என்ற மாதிரி ஏதோ சொன்னார். இராமானுஜன் உடனே மறுத்தார். அது மிகவும் விசேஷமான எண் என்றார்.

ஏன்? போட்டுப் பார்ப்போம்.

12 ஐ மூன்று முறை பெருக்குங்கள். 12 × 12 × 12 = 1728.
1 ஐ மூன்று முறை பெருக்குங்கள். 1 × 1 × 1 = 1.
இரண்டையும் கூட்டினால் 1729.

இப்போது 10 × 10 × 10 = 1000.
9 × 9 × 9 = 729.
இரண்டையும் கூட்டினால் அதே 1729!

இப்படி இரண்டு விதமாக வரும் எண்களில் மிகச் சிறியது 1729. கட்டிலில் படுத்துக்கொண்டு ஒருவர் இதைச் சொன்னார். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கரும்பலகையில் போட்டு முடிக்க இருபது நிமிடம் ஆனது. அண்ணாச்சி மீசையை முறுக்கிக்கொண்டார்.

இராமானுஜன் 1919 இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 இல் சென்னையில் இறந்தார். வயது 32.

அவர் நோட்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விடைகள் இருந்தன. வழி எழுதவில்லை. அமெரிக்காவின் புரூஸ் பெர்ன்ட் என்ற பேராசிரியர் அவற்றைச் சரிபார்ப்பதிலேயே இருபது ஆண்டுக்கு மேல் செலவிட்டார். சில இடங்களில் தவறும் உண்டு. பெரும்பாலானவை சரி.

ஹார்டி ஒருமுறை கணித அறிஞர்களுக்கு மார்க் போட்டதாகச் சொல்வார்கள். பிறவித் திறமைக்கு மட்டும் மார்க். நூற்றுக்கு எவ்வளவு? தனக்கு 25 போட்டுக்கொண்டார். லிட்டில்வுட்டுக்கு 30. ஜெர்மனியின் ஹில்பர்ட்டுக்கு 80. இராமானுஜனுக்கு 100.

"பார்த்தீர்களா! வெள்ளைக்காரரே நூற்றுக்கு நூறு போட்டுவிட்டார். விவாதம் முடிந்தது" என்றார் அண்ணாச்சி.

"பெயில் ஆனவருக்கு நூறா?" என்று கேட்டார் அக்கா. ஆனால் கிண்டலாகக் கேட்கவில்லை. மெதுவாகக் கேட்டார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அவர் மகள் பத்தாவது படிக்கிறாள். இந்த முறை கணக்கில் பெயில் மார்க். "பெரியப்பா சொல்கிறார், பொட்டப்பிள்ளைக்குக் கணக்கு ஏறாது, நிறுத்திவிட்டு மாவரைக்க வை என்று. அவள் அப்பாவும் ம்ம் என்கிறார். காலையில் மூணு மணிக்கு எழுந்து நான் ஒருத்தியே அவிக்கிறேன். அவள் வந்தால் எனக்கும் லேசாகத்தான் இருக்கும்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு என் 38 மார்க் ஞாபகம் வந்தது.

இராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை. கணவர் இறந்தபோது அவருக்கு இளம் வயது. சில ஆண்டுகள் இந்தப் பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்தார். தையல் கற்றார். பிறகு சென்னை திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்தார். 1994 இல் இறந்தார். நம்மைப் போல உழைத்துச் சாப்பிட்டவர்.

பானையைச் சுற்றி ஒரு நூல்

மூன்றாம் இரவு நான் ஒரு நூலும் ஒரு இட்லிச் சட்டி மூடியும் கொண்டுபோனேன். மூடியின் குறுக்கே அளந்தோம். சுற்றி அளந்தோம். சுற்றளவு, குறுக்களவைப் போல மூன்று மடங்கு. கொஞ்சம் கூட. தண்ணீர்க் குடத்தை அளந்தோம். டம்ளரை அளந்தோம். எல்லாம் மூன்று மடங்கும் கொஞ்சமும்தான். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? இதைக் கண்டுபிடிக்கத்தான் பெரிய பெரிய ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

சிசிலித் தீவில் ஆர்க்கிமிடீஸ் இருந்தார். 2200 ஆண்டுக்கு முன்னால். வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்கம் உள்ள உருவத்தை வைத்துக் கணக்கிட்டார். அந்தக் கொஞ்சம், ஏழில் ஒரு பங்கைவிடக் குறைவு என்று காட்டினார்.

நம் நாட்டில் ஆரியபட்டர் 499 இல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 23. குறுக்களவு 20,000 என்றால் சுற்றளவு கிட்டத்தட்ட 62,832 என்றார். 'கிட்டத்தட்ட' என்று அவரே சொன்னார். அது எனக்குப் பிடித்தது.

கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவர் 14 ஆம் நூற்றாண்டில் பிறந்தார். கூட்டு, கழி, கூட்டு, கழி என்று முடிவே இல்லாமல் போகும் ஒரு வழியைக் கண்டார். எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு சரியான விடை. அவருடைய சீடர் வழியில் வந்த ஜேஷ்டதேவர் இதை எல்லாம் மலையாளத்தில் எழுதி வைத்தார். சமஸ்கிருதத்தில் இல்லை, மக்கள் மொழியில். இதே வழியை ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் கண்டுபிடித்தபோது இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த லைப்னிட்ஸுக்கும் இங்கிலாந்து நியூட்டனுக்கும் பெரிய சண்டை. மாறிக்கொண்டே இருப்பதை அளக்கும் கணக்குக்கு நுண்கணிதம் என்று பெயர். ஓடும் வண்டியின் வேகம் நொடிக்கு நொடி மாறும் அல்லவா? அதை அளப்பது அந்தக் கணக்குதான். அதை முதலில் கண்டது யார் என்று தகராறு. 1712 இல் ராயல் சொசைட்டி விசாரணை வைத்தது. அந்தச் சொசைட்டியின் தலைவர் யார்? நியூட்டன். தீர்ப்பை எழுதியவர் யார்? மறைவில் அவரேதான்!

"வழக்குப் போட்டவனே நாட்டாமையா!" என்றார் பெயிண்டர் மாமா.

இருவரும் தனித்தனியாகக் கண்டார்கள் என்றுதான் இன்று சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சண்டையால் நட்டம் இங்கிலாந்துக்குத்தான். லைப்னிட்ஸ் எழுதும் முறை சுலபமானது. அதை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று இங்கிலாந்துக்காரர்கள் வீம்பு பிடித்தார்கள். நூறு ஆண்டு பின்தங்கிப் போனார்கள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "எங்களைச் சொல்கிறாயா தம்பி?" என்றார். நான் இல்லை என்றேன்.

கடனும் பூஜ்யமும்

அக்காவுக்குப் பிடித்தவர் பிரம்மகுப்தர். 628 இல் ஒரு நூல் எழுதினார். பூஜ்யத்தை ஓர் எண்ணாக வைத்து, எப்படிக் கூட்டுவது, எப்படிக் கழிப்பது என்று விதி எழுதினார். இருக்கும் எண்ணுக்குச் 'சொத்து' என்று பெயர் வைத்தார். குறையும் எண்ணுக்குக் 'கடன்' என்று பெயர் வைத்தார்.

கையில் 500 ரூபாய். கடன் 500 ரூபாய். என்ன மிஞ்சும்? பூஜ்யம்.
கையில் 500 ரூபாய். கடன் 800 ரூபாய். என்ன மிஞ்சும்? கடன் 300.
பூஜ்யத்திலிருந்து கடனைக் கழித்தால்? சொத்து என்றார் பிரம்மகுப்தர்.

"அது எப்படி?" என்று எல்லாரும் குழம்பினார்கள். அக்காதான் விளக்கினார். "கையில் 300 இருக்கு. கடனும் 300 இருக்கு. என் கணக்கு பூஜ்யம். கடன்காரன் 300 ஐத் தள்ளுபடி செய்தான் என்று வைத்துக்கொள். இப்போது 300 எனக்குச் சொத்துத்தானே?"

கரும்பலகையில் அதை அப்படியே எழுதினேன்.

பிரம்மகுப்தரும் ஓர் இடத்தில் சறுக்கினார். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று எழுதினார். அது சரியில்லை. பூஜ்யத்தால் எதையும் வகுக்க முடியாது என்றுதான் இன்று படிக்கிறோம்.

எண்ணை இடம் பார்த்து எழுதுவதற்கும் பூஜ்யம் வேண்டும். 5 என்றால் ஐந்து. 50 என்றால் ஐம்பது. 505 என்றால் ஐந்நூற்று ஐந்து. ஒரே 5, இடத்துக்கு இடம் மதிப்பு மாறுகிறது. நடுவில் உள்ள பூஜ்யம், 'இந்த இடம் காலி' என்று சொல்கிறது. பழைய உரோமானிய முறையில் 1888 என்று எழுத 13 எழுத்து வேண்டும். பழைய தமிழ் முறையிலும் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. அதில் பெருக்கல் போடுவது எவ்வளவு பாடு!

இந்தியாவில் வளர்ந்த பத்து எண் முறை பாக்தாத் போனது. அங்கே அல் குவாரிஸ்மி என்ற அறிஞர் 9 ஆம் நூற்றாண்டில் அதைப் பற்றி நூல் எழுதினார். பிறகு ஐரோப்பா போனது. இன்று உலகம் முழுவதும் அதுதான். காஸும் நியூட்டனும் இதை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். ஆனால் முதன்முதலில் அந்த வட்டத்தைப் போட்டவர் யார்? பெயர் இல்லை.

"உளுந்து அளவு கண்டுபிடித்தவளைப் போல" என்றார் அக்கா. "என் ஓட்டு அவருக்குத்தான்."

ஒரு பெண்கூட இல்லையா?

இதைக் கேட்டது ஆச்சி. நான் எதிர்பார்த்துத்தான் படித்துக்கொண்டு போயிருந்தேன்.

பாரீஸ் நகரத்தில் 1776 இல் சோபி ஜெர்மெய்ன் பிறந்தார். 13 வயதில் பிரெஞ்சுப் புரட்சி. ஊரெங்கும் கலவரம். வெளியே போக முடியாது. அப்பாவின் புத்தகங்களைப் படித்தார். ஆர்க்கிமிடீஸ் இறந்த கதை அதில் இருந்தது. எதிரிப் படை ஊருக்குள் புகுந்தபோதும் ஆர்க்கிமிடீஸ் கணக்கிலேயே மூழ்கி இருந்தாராம். ஒரு சிப்பாய் அவரைக் கொன்றுவிட்டான். உயிர் போவது தெரியாத அளவுக்குக் கணக்கில் என்ன இருக்கிறது என்று சோபிக்கு ஆசை வந்தது.

பெண்ணுக்குக் கணக்கு வேண்டாம் என்றார்கள் வீட்டில். இரவில் படிக்காமல் இருக்க மெழுகுவத்தியை எடுத்துவிட்டார்கள். குளிர் காயும் நெருப்பையும், கனமான உடைகளையும் எடுத்துவிட்டார்கள். சோபி மெழுகுவத்தியை ஒளித்து வைத்தார். போர்வையைச் சுற்றிக்கொண்டு படித்தார். கடைசியில் வீட்டார் விட்டுவிட்டார்கள்.

பாரீஸில் புதிதாகத் திறந்த கல்லூரியில் பெண்களைச் சேர்க்கவில்லை. சோபி பாடக் குறிப்புகளை வாங்கிப் படித்தார். லெபிளாங்க் என்ற ஆண் பெயரில் விடை எழுதி அனுப்பினார். காஸுக்கும் அதே பெயரில்தான் கடிதம் எழுதினார். காஸ் ஓர் ஆண் என்றே நினைத்தார்.

1806 இல் பிரெஞ்சுப் படை காஸின் ஊரைப் பிடித்தது. சோபிக்குப் பயம். ஆர்க்கிமிடீசுக்கு ஆனது காஸுக்கும் ஆகிவிட்டால்? தெரிந்த படைத்தளபதி ஒருவரிடம் சொல்லி, காஸைப் பாதுகாக்கச் சொன்னார். 'சோபி ஜெர்மெய்ன் சொன்னார்' என்று ஆள் வந்தபோது காஸுக்கு ஒன்றும் புரியவில்லை. யார் அந்தப் பெண்? பிறகு சோபியே உண்மையை எழுதினார். காஸ் வியந்து பாராட்டிப் பதில் எழுதினார். ஒரு பெண் இந்த வழியில் வர எவ்வளவு முட்கள், அதையும் தாண்டி வந்தவரின் துணிவும் திறமையும் எவ்வளவு உயர்ந்தவை என்ற பொருளில் எழுதினார்.

சோபி 1816 இல் பாரீஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றார்.

ஜெர்மனியின் எம்மி நோதர் நூறு ஆண்டுக்குப் பிறகு வந்தவர். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் பல ஆண்டு சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார். ஹில்பர்ட் பெயரில் அறிவிப்புப் போட்டு, எம்மி பாடம் நடத்தினார். யூதர் என்பதால் 1933 இல் அந்த வேலையும் போனது. அமெரிக்கா போனார். கணக்குக்கு மிகப் பெரிய பரிசுகளில் ஒன்று பீல்ட்ஸ் பதக்கம். 1936 முதல் கொடுக்கிறார்கள். 2014 இல்தான் முதல் பெண்ணுக்குக் கிடைத்தது. ஈரானில் பிறந்த மரியம் மிர்சாகானி. 2022 இல் உக்ரைனின் மரினா வியாசோவ்ஸ்கா பெற்றார்.

அன்று அக்கா ஒன்றும் பேசவில்லை. போகும்போது மட்டும், "தம்பி, அந்த மெழுகுவத்திக் கதை இருக்கிற புத்தகத்தை ரெண்டு நாள் கொடு" என்றார்.

ஓட்டு

நான்காம் இரவு ஓட்டு எடுத்தோம். எனக்கு ஓட்டு இல்லை என்று அண்ணாச்சி சட்டம் போட்டுவிட்டார். இருந்திருந்தால் ஆய்லருக்குப் போட்டிருப்பேன். சுவிட்சர்லாந்துக்காரர். 1707 இல் பிறந்தவர். 13 பிள்ளைகள் பிறந்து ஐந்துதான் தங்கின. முதலில் ஒரு கண் போனது. பிறகு மற்றொன்றும் போனது. அதற்கு அப்புறமும் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். அவர் எழுதியவை எழுபதுக்கும் மேற்பட்ட பெரிய புத்தகங்கள். எளிமையாக எழுதியவர் என்று ஆசிரியர் சொன்னார்.

சிலர் ஓட்டே வேண்டாம் என்றார்கள். ஆர்க்கிமிடீசுக்குப் பூஜ்யம் தெரியாது, காஸுக்குத் தெரியும், இருவரையும் எப்படி ஒரே தராசில் வைப்பது என்று மாமா கேட்டார். சரியான கேள்வி. எனக்கும் அதுவே தோன்றியது. ஆனால் எல்லாரும் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டார்கள். தாங்களே எழுதிப் போடும் ஓட்டு. விடுவார்களா?

சீட்டுகளைப் பிரித்தேன்.

இராமானுஜன் – 7
பூஜ்யம் கண்டவர் – 5
காஸ் – 2
காஸின் அம்மா – 2
சோபி ஜெர்மெய்ன் – 2
ஆர்க்கிமிடீஸ் – 1

பூஜ்யம் கண்டவருக்குப் பெயர் இல்லாததால் ஐந்து பேரும் ஒரு வட்டம் மட்டும் போட்டிருந்தார்கள். முதலில் வெற்றுச் சீட்டு என்று நினைத்துவிட்டேன்.

அண்ணாச்சி கை தட்டினார். அக்கா கையை உயர்த்தினார். "பொறுங்கள். கூட்டிப் பார்த்தீர்களா? 19 வருது. நாம் 18 பேர்தான்."

தலைகளை எண்ணினோம். 18. சீட்டுகளை எண்ணினோம். 19. கள்ள ஓட்டு என்று அண்ணாச்சி கத்தினார்.

அக்காவின் மகள் கதவோரம் நின்றிருந்தாள். வீட்டுச் சாவி வாங்க வந்தவள். கையில் அந்தப் புத்தகம்.

"நான்தான் போட்டேன்" என்றாள்.

"யாருக்கு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"ரகசிய ஓட்டு, மாமா" என்றாள். அம்மாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு படி இறங்கிப் போனாள்.